கடைசிப் படத்துக்கு ஒரு மாலை

ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுத் தருவியளா அண்ணாச்சி? வாந்தி கீந்தி ஒண்ணும் இல்ல, பயம். பயம் வந்தா எனக்கு மூஞ்சியில காத்து அடிக்கணும், இல்லேன்னா நெஞ்சு அடைச்சுக்கிடும். ஆங், இது போதும். நல்லா இருப்பிய.

தேரிமேட்டுக்குத்தான? நானும் அங்கதான். அந்தோனியார் கோயிலுக்கு. நீங்க மக வீட்டுக்கா? சரி சரி. செவ்வாக்கெழமையும் இல்ல, திருவிழாவும் இல்ல, இந்த வெயில்ல ஒருத்தன் கோயிலுக்கு ஓடுதானே, அப்படி என்ன அவசரம்னு நீங்க வாயத் தொறந்து கேக்கல. ஆனா ஒங்க மூஞ்சி கேக்கு. சொல்லுதேன். சொல்லாம உக்காந்திருந்தா நான் எந்திரிச்சுப் போயி டிரைவர அடிச்சாலும் அடிச்சிருவேன். சவத்து பஸ்சு, சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான் பாருங்க.

வச்ச நேர்ச்சைய வாபஸ் வாங்கப் போறேன். சிரிக்காதிய அண்ணாச்சி. எம்மவ டெல்பின் இன்னைக்குச் சாயங்காலம் பெங்களூருல போல் வால்ட் பைனல்ல தாண்டுதா. போல் வால்ட்னா தெரியும்லா? நீளமா ஒரு கம்பப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து, அத ஊணி, வளைச்சு, தலைகீழா மேல போயி, மொட்டமாடி உசரத்துல கெடக்க ஒரு குச்சியத் தட்டிவிடாம அந்தப் பக்கம் விழணும். விழணும், கேட்டியளா. எறங்குதது கெடையாது, விழுததுதான். எம்மவ அதுல ஸ்டேட் ரெக்கார்டு. இன்னைக்கு இந்தியா பூராவுல இருந்தும் பிள்ளையள் வந்திருக்கு. அவ ஓடத் தொடங்குததுக்கு முன்னால நான் அந்தோனியார் முன்னால முட்டங்கால் போட்டு, ஐயா, போன தடவ வந்து கேட்டேன்லா, அத விட்டுருங்க, கேக்காத மாதிரி நெனச்சுக்கிடுங்கன்னு சொல்லிரணும். அதுக்குத்தான் இந்த ஓட்டம்.

என்ன கேட்டேன்னா... இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

என் பேரு சூசை. மைக்செட் சூசைன்னா எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கல்யாணம், கொடியேத்தம், கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் குழாய் கட்டுததும் சீரியல் லைட்டு போடுததும் நாந்தான். கோயில் கோபுரத்துல ஏறி, உச்சிச் சிலுவையில ஒத்தக் கையால தொங்கிக்கிட்டு நட்சத்திரம் கட்டணும்னா சுத்துப்பட்டியில என்னைய விட்டா ஆள் கெடையாது. இடுப்புல கயிறு கட்டிக்கிடுத பழக்கமே எனக்கு இல்ல. சாமான் இழுக்க ஒரு கயிறு தொங்கும், அம்புட்டுதான். ஏறுவேன், கட்டுவேன், எறங்குவேன். கீழ நின்னு பாக்குதவன் எல்லாம் சேசுவே மாதாவேன்னு கத்துவான். எனக்கு அதக் கேட்டாச் சிரிப்பா வரும். பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி, இந்த நூறாவது வருச விழா வாரவரைக்கும்.

எங்கூர்ல மடத்துப் பள்ளிக்கூடம் இருக்குல்லா, சிஸ்டர்மார் நடத்துதது, அதுக்கு நூறு வருசம். எம்மவ படிச்சதும் அங்கதான். சும்மா சொல்லக்கூடாது, வெளையாட்டுல அந்தப் பள்ளிக்கூடம் பெரிய பேரு. மண்ணு ஒழுங்கா இருக்காது, கொட்டக கெடையாது, ஆனா அங்க படிச்ச பிள்ளையள் எங்க போனாலும் கப்பு வாங்காம வராது. எம்மவள இந்தக் கிறுக்குல இறக்கிவிட்டதும் அங்க இருந்த பி.டி. டீச்சர்தான், பியூலான்னு பேரு. ரோட்டுக்குக் குறுக்க வயர் போட நுனியில கவை வச்ச மூங்கிக் கம்பு ஒண்ணு எங்கிட்ட இருக்கும். அத நான் இல்லாத நேரமாப் பாத்துத் தூக்கிட்டுப் போயி ஊணி ஊணி ஓடையத் தாண்டிக்கிட்டிருந்திருக்கா இந்தக் கழுத. டீச்சர் பாத்துட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டாவ. "சூசையண்ணே, இந்தப் பிள்ளைய எங்கிட்ட விடுங்க"ன்னாவ. அன்னைக்கே அந்தக் கம்ப ரெண்டா முறிச்சு அடுப்புல வச்சிருக்கணும். செய்யல. பொம்பளப் பிள்ளைக்கு இப்படி ஒரு துணிச்சல் எங்க இருந்துதான் வந்துச்சோ, எங்க பரம்பரையிலயே கெடையாது.

நான் ஒரு தடவகூட அவ தாண்டிப் பாத்ததில்ல. பாக்க மாட்டேன். அவளுக்குப் போட்டின்னா அன்னைக்கு நான் ஆம்ப்ளிஃபயரக் கழத்திப் போட்டுத் தொடச்சுக்கிட்டே இருப்பேன். தொடச்சதையே தொடைப்பேன். சகாயம், அதான் எங்க வீட்டுக்காரி, அவதான் கூடப் போவா, நின்னு பாப்பா. அவளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. எப்படிட்டி நிக்க, ஒனக்கு ஈரக்குல நடுங்காதான்னு ஒரு நாள் கேட்டேன். "இருவத்தஞ்சு வருசமாப் பழக்கந்தான"ன்னா. டெல்பின் தாண்ட ஆரம்பிச்சே பத்து வருசந்தான் ஆவுது. கணக்கு அவளுக்கு எப்பவும் வராது.

ஆனா ஒண்ணு, நல்ல பக்திக்காரி. நான் கோபுரத்துல ஏறுத அன்னைக்கு எட்டிப் பாக்கக்கூட வர மாட்டா. வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு ஜெபமாலை சொல்லுவா. நான் எறங்கிப் போயிக் கதவத் தட்டுதவரைக்கும் சொல்லுவா. அம்புட்டு பக்தி. டெல்பின்தான் சின்னதுல எங்கூடவே வருவா. சாமான் இழுக்குத கயித்தோட கீழ் நுனிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிப்பா. எதுக்குட்டி பிடிச்சிருக்கன்னா, "நீ விழுந்தா இழுத்துப் பிடிக்க"ம்பா. வெவரம் இல்லாத வயசு.

சரி, விழாவுக்கு வாரேன். டோப்போ சிஸ்டர்தான் இப்பப் பெரிய சிஸ்டர். ராஞ்சிப் பக்கம். தங்கமான மனுஷி, தமிழ் மட்டும் ஒரு தினுசா வரும். "சூசை பாய், இந்த வராண்டால நம்ம பழைய பிள்ளைங்க போட்டோ. ஸ்போர்ட்ஸ்ல பேர் வாங்கின பிள்ளைங்க. ஒரு ஒரு போட்டோ மேல சின்ன லைட் போடு, செகப்பு லைட்"ன்னாவ. சரி சிஸ்டர்னு ஏணியப் போட்டேன்.

மொதப் படம் ரெஜினா. ஆக்கியில கோல் காத்த பிள்ள. ஒரு பந்த உள்ள விட மாட்டா, அப்படி ஒரு பிள்ள. மஞ்சக்காமாலையில போயிட்டா, பாவம். அவ வீட்டு ஆளுக வந்து படத்துக்கு சந்தன மாலை போட்டுட்டுப் போயிருந்தாவ. அது நியாயம். அதப் பாத்துருக்காவ நம்ம சிஸ்டர். ஒரு பிள்ளைக்கு மட்டும் மாலை இருந்தா மத்த பிள்ளைங்க வருத்தப்படும்லான்னு, டவுனுக்கு ஆள விட்டு, அதே மாதிரி சந்தன மாலை வாங்கியாந்து எல்லாப் படத்துக்கும் மாட்டி வச்சிருக்காவ. நம்ம பக்கத்துல போட்டோவுக்கு மாலை போட்டா என்ன அர்த்தம்னு ஒருத்தராவது சொல்லக்கூடாதா? டீச்சர்மார் எல்லாம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிக்காவ. பெரிய சிஸ்டர்ட்ட யாரு போயிச் சொல்ல?

அடுத்தது பளு தூக்குத புளோரா. போன கிறிஸ்மஸுக்கு எங்கிட்ட இருந்து ஸ்பீக்கர் பெட்டிய வாங்கி ஒத்தக் கையால மேடையில வச்சவ. ரயில்வேல வேல, மதுரையில குண்டுக்கல்லு மாதிரி நடந்து திரியுதா. அவளுக்கும் மாலை. கபடி அமலி, கடல்ல நீந்திக் கப்பு வாங்குன டயானா, எல்லாத்துக்கும் மாலை. அதுக்கு மேல செவப்பு பல்பு, அதையும் நாந்தான் மாட்டுதேன். எனக்குச் சிரிப்புத் தாங்கல. புளோரா வந்து பாத்தான்னா சிஸ்டரையே தலைக்கு மேல தூக்கிருவான்னு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போயி கடைசிப் படத்துல ஏணியச் சாச்சேன். அது மட்டும் துணி போட்டு மூடியிருந்துச்சு. சிஸ்டர் கீழ நின்னு, "எடு எடு, சர்ப்ரைஸ்"ன்னு கைதட்டுதாவ.

எடுத்தேன். எம்மவ சிரிச்சுக்கிட்டிருக்கா அண்ணாச்சி. கழுத்துல சந்தன மாலை. அவ தலைக்கு மேல மாட்ட வேண்டிய செவப்பு பல்பு என் கையில இருக்கு.

கோபுர உச்சியில ஆடாத காலு, ஏணியில ரெண்டாவது படியில ஆடிட்டு. பல்பு கீழ விழுந்து ஒடைஞ்சுது. சிஸ்டருக்கு ஒரே சந்தோசம், அப்பாவுக்கு ஆனந்தத்துல கை நடுங்குதுன்னு எல்லார்ட்டயும் சொல்லுதாவ.

அவிய அந்தப் பக்கம் போனதும் மாலையக் கழத்தி ஜன்னல் மேல வச்சிட்டு வந்துட்டேன். மறுநாள் போறேன், மறுபடி படத்துல கெடக்கு. கீழ விழுந்துட்டுன்னு நெனச்சு சிஸ்டர் எடுத்து மாட்டியிருக்காவ. மறுபடி கழத்துனேன். மறுபடி மாட்டிட்டாவ, இந்தத் தடவ நூல் போட்டு ஆணியோட சேத்துக் கட்டி. பல்போட வயரப் பிடுங்கி விட்டேன். ஃபியூஸ் போச்சுன்னு நெனச்சு வேற ஆள வச்சு சரி பண்ணிட்டாவ. நான் என்ன செஞ்சாலும் எம்மவ போட்டோவுல மாலையும் இருக்கு, செவப்பு வெளக்கும் எரியுது. எனக்கு அதுல இருந்து சோறு எறங்கல. கண்ண மூடுனா அந்தப் படம்தான். சகாயத்துட்ட சொன்னேன். "சிஸ்டருக்குத் தெரியாது, விடுங்க"ன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. விடுததா? எதுக்கும் ஒரு அறிகுறி இருக்குல்லா அண்ணாச்சி? தெரியாத ஆள் கையால ஏன் அது நடக்கணும்?

அப்பத்தான் தேரிமேட்டுக்கு வந்தேன். டெல்பின் முன்னாலயே சொல்லியிருந்தா, "இந்தத் தடவையும் மெடல் வரலேன்னா விட்டுருதேன்பா. சிஸ்டர் பி.டி. டீச்சர் வேல தாரேன்னு சொல்லியிருக்காவ, அதுக்குப் போயிருதேன்"ன்னு. அது மனசுல கெடந்துச்சு. அந்தோனியார் முன்னால முட்டங்கால் போட்டுக் கேட்டுட்டேன். ஐயா, எம்மவ இதுல செயிக்கக்கூடாது. தோத்து, கம்பக் கீழ போட்டுட்டு, வீடு வந்து சேரணும். வந்துட்டா ஒங்க கோபுர உச்சியில நட்சத்திரம் கட்டுதேன்னு. எந்தத் தகப்பனாவது பிள்ள தோக்கணும்னு நேர்ச்சை வைப்பானான்னு பாக்கியளா? தரையில நடக்க எல்லாப் பிள்ளையளும் எனக்குச் செயிச்ச பிள்ளதான். ஒங்க மக வீட்டுல சும்மா இருக்கா, நீங்க பாக்கப் போறிய. ஒங்களுக்கு இது வெளங்காது.

கோயில்ல இருந்து எறங்கும்போது மனசு லேசா இருந்துச்சு. நேத்து வரைக்கும் லேசாத்தான் இருந்துச்சு. நேத்து டீக்கடையில குருசம்மா புருசன் வந்து பக்கத்துல உக்காந்தான். கக்கத்துல கட்டையோட. அவன் கத தெரியுமா? அவன் குடிச்சே அழிஞ்ச ஆளு. குருசம்மா இதே அந்தோனியார்ட்ட வந்து, ஐயா, எம் புருசன் சாராயக்கடைப் பக்கம் போகக்கூடாதுன்னு அழுது நேர்ந்தா. அந்த மாசமே லாரி ஏறி கால் போச்சு. போகல அண்ணாச்சி, அதுக்குப் பொறவு அவன் கடைப் பக்கம் போகவே இல்ல. கேட்டது கெடச்சுது. அவ கேட்டத அப்படியே குடுத்துட்டாரு.

டீ கிளாச அப்படியே கீழ வச்சிட்டேன். நான் என்ன கேட்டேன்? செயிக்கக்கூடாது, கம்பக் கீழ போடணும், வீடு வந்து சேரணும். எப்படின்னு நான் சொல்லலியே! கம்பு நடுவுல ஒடிஞ்சாலும் அவ செயிக்க மாட்டா. கழுத்து மடங்கி விழுந்தாலும் கம்பக் கீழ போட்டுருவா. வீடு வந்து சேருதது எப்படி எல்லாமோ வந்து சேரலாம், ஆம்புலன்ஸ்லகூட. அந்தப் படத்துல மாலை ரெடியாக் கெடக்கு.

நேரா எங்க பங்குச் சாமியார்ட்ட ஓடுனேன். எளவட்டச் சாமியார், விழுந்து விழுந்து சிரிச்சாவ. "சூசை, அந்தோனியார் என்ன ஒங்க கரண்ட் கனெக்சனா, மாத்திக் குடுத்தா ஷாக் அடிக்க?"ன்னாவ. நான் சிரிக்கல. மாத்திக் குடுத்தா ஷாக் அடிக்கும் அண்ணாச்சி. அந்த வேல எனக்குத் தெரியும், அவியளுக்குத் தெரியாது. எங்க குடுத்தோமோ அங்க போயித்தான் கழத்தணும். நேர்ச்சையும் அப்படித்தான். வீட்டுல இருந்து சொன்னாப் போதாது, வச்ச எடத்துல, அந்தச் சுரூபத்துக்கு முன்னால நின்னு எடுக்கணும்னு எங்க ஆளுக சொல்லுவாவ.

என்னது, ஏன் நிக்குதான்? கேட்டு போட்டுட்டானா? ரயில் எங்க? ஒண்ணையும் காணும், அதுக்குள்ள கேட்டப் போட்டுட்டான். கண்டக்டர் தம்பி, எம்புட்டு நேரம் ஆகும்ய்யா? சரக்கு வண்டியா? நாசமாப் போச்சு. இந்தச் சரக்கு வண்டி எப்பப் போயி, எப்பக் கேட்டத் தொறந்து... இருங்க அண்ணாச்சி, செத்த நேரம் நான் கண்ண மூடிக்கிடுதேன்.

ஒங்க போன்ல பாக்கலாமா? போட்டிய நேராக் காட்டுவானா? வேண்டாம். மடக்குங்க அத. கெஞ்சிக் கேக்கேன், மடக்கிருங்க. ஒரு நாள் டீக்கடைக்காரன் இப்படித்தான் போன நீட்டுனான். எந்த நாட்டுப் பொண்ணோ, ஊணுத நேரத்துல கம்பு பட்டுனு மூணா ஒடிஞ்சு, அது மல்லாக்க... நான் முழுசாப் பாக்கல. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதுல கெடக்கு.

நான் என் கடமையைச் செய்யாம இல்ல. காலையில வெள்ளன டெல்பினுக்குப் போன் போட்டேன். போட்டி அன்னைக்குப் பேசாதீங்கன்னு சகாயம் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனா. தகப்பன் பேசாம வேற யாரு பேசுவா? மக்ளே, நல்லாக் கேட்டுக்கோன்னேன். ஓடுததுக்கு முன்னால மெத்தை ஒழுங்காக் கெடக்கான்னு ஒரு பார்வ பாத்துக்கோ. ஊணும்போது கம்பு ஒடியுமோன்னு லேசாத் தோணுச்சுன்னாலும் விட்டுரு, மேல போவாத. மேல போயிட்டா கீழ பாத்துக்கோ, எங்க விழப்போறோம்னு தெரியணும்லா. அப்புறம் மனசு கேக்காம அந்த மாலை வெசயத்தையும் சொல்லிட்டேன். ஒளிக்கக் கூடாதுல்லா? லைன் கட்டாயிட்டோன்னு பாத்தேன். பொறவு, "எனக்கா மாலை போட்டிருக்காவ?"ன்னா. ஆமா மக்ளே, நான் ரெண்டு தடவ கழத்திட்டேன், நீ பயப்படாதன்னேன். "சரிப்பா"ன்னு வச்சிட்டா. எப்பவும் என்னைய ரெண்டு வார்த்த கேலி பேசாம வைக்கவே மாட்டா. நீ மட்டும் கோபுரத்துல ஏறலாமோம்பா. நான் ஏறுதது தொழிலு, நீ ஏறுதது வெளையாட்டு, ரெண்டும் ஒண்ணாட்டிம்பேன். இன்னைக்கு அந்தக் கேலி எல்லாம் இல்ல, சொன்னதக் கேட்டுக்கிட்டா. அந்த மட்டுக்கு ஒரு நிம்மதி.

ரயில் வருதா? வருதா? ஆமா, சத்தம் கேக்கு. எத்தன பெட்டி, கடவுளே, முடிவே இல்லாம போவுது.

அண்ணாச்சி... என் போன் அடிக்கு. சகாயம். இப்ப ஏன் கூப்பிடுதா? இன்னும் நேரம் ஆவலியே. போட்டி நடக்கும்போது அவ போன் பேச மாட்டா அண்ணாச்சி, என்னமோ ஆயிட்டு. நான் எடுக்க மாட்டேன். என்னால முடியாது. நீங்க எடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒண்ணே ஒண்ணு கேளுங்க, பிள்ள உசுரோட இருக்காளான்னு. செயிச்சாளா தோத்தாளா, அதெல்லாம் வேண்டாம். என்ன சொல்லுதா? தலைய ஆட்டுதிய, எந்தப் பக்கம் ஆட்டுதிய? இருக்காளா? கழுத்து? முதுகு? நடக்காளா? குடுங்க, குடுங்க இங்க.

சகாயம்... ஆமா, பஸ்ல ஒரு அண்ணாச்சி... அத விடு, சொல்லு. முன்னாலயே வச்சிட்டாவளா. சரி. ஓடி வந்தாளா. கம்ப ஊணலியா? ஏன்? மூணு தடவையுமா? அடி ஒண்ணும் இல்லேல்லா, சத்தியமாச் சொல்லு. எங்க, அவள்ட்ட குடு... மக்ளே. ம். ம். இல்ல மக்ளே. பாக்க மாட்டேன். ம். சரி. சொல்லிருதேன். நானா? தேரிமேட்டுக்குப் போயிக்கிட்டிருக்கேன், அந்தோனியாருக்கு ஒரு நட்சத்திரம் கட்டணும். சரி மக்ளே. சரி. சாப்பிட்டியா? ...வச்சிட்டா.

தோத்துட்டா அண்ணாச்சி! ஒரு அடி இல்ல, ஒரு கீறல் இல்ல. அந்தோனியாரப்பா, நான் ஒங்களப் போயித் தப்பா நெனச்சிட்டேனே. எம்புட்டுப் பக்குவமா முடிச்சிட்டாரு பாத்தியளா? மழை வரும்னு போட்டிய முன்னாலயே வச்சிருக்காவ. நல்லா ஓடி வந்தவள, சரியா ஊணுத எடத்துல நிறுத்திட்டாரு. கம்பப் பிடிச்சபடியே மெத்தை வரைக்கும் சும்மா நடந்து போனாளாம். ரெண்டாவது தடவையும் அப்படி. மூணாவது தடவ ஓடுததுக்கு முன்னால கோட்டுல நின்னுக்கிட்டு மெத்தையவே பாத்தாளாம், கம்பத் தடவித் தடவிப் பாத்தாளாம், பொறவு ஓடி வந்து மறுபடி நின்னுட்டாளாம். அவ எப்பவும் சாதாரணமாத் தாண்டுத உசரந்தானாம். கோச்சுக்கு ஒண்ணுமே ஓடலியாம். பத்து வருசத்துல இவ ஒரு தடவகூட இப்படி நின்னதில்லியாம். கோச்சுக்கு எப்படித் தெரியும்? இது யாரு வேலன்னு எனக்கும் அந்தோனியாருக்குந்தான் தெரியும்.

டெல்பின் அழுவாள்னு நெனச்சேன். அழல. ஒண்ணு கேட்டா. "அப்பா, நீ கோபுரத்துல ஏறும்போது கீழ பாப்பியா?"ன்னு. இப்ப எதுக்கு இது? உள்ளதச் சொன்னேன். பாக்க மாட்டேன் மக்ளே, கீழ பாத்தா அப்புறம் ஏற முடியாதுன்னேன். "ம்"ன்னா. அதுக்குப் பொறவு, "டோப்போ சிஸ்டர்ட்ட சொல்லிரு, வேலைக்கு வாரேன்னு"ன்னா.

கேட்டத் தொறந்துட்டான். இனிமே எம்புட்டு மெதுவாப் போனா என்ன?

செயிக்கக்கூடாதுன்னேன், செயிக்கல. கம்பக் கீழ போடணும்னேன், போட்டுட்டா. வீட்டுக்கு வரணும்னேன், வாரா. ஒரு எழுத்து மாறாம கெடச்சிருக்கு. நான் இந்த பஸ்ல எந்திரிச்சு நின்னு ஆடணும். ஆனா அந்தப் பிள்ள கொரல் இருக்குல்லா அண்ணாச்சி, அது எம்மவ கொரல் மாதிரியே இல்ல. யாரோ வீட்டுப் பிள்ள, தெரியாத ஆள்ட்ட மரியாதையாப் பேசுத மாதிரி. களைப்பா இருக்கும். ஓடிக் களைச்சிருக்கா, வேற என்ன? பயம் எல்லாம் போயிட்டு எனக்கு. பயப்பட இனி என்ன இருக்கு? பின்ன ஏன் எனக்கு எந்திரிச்சு ஆடத் தோண மாட்டேங்கு?

வாபஸ் வாங்க வந்தவன், இனி செலுத்தத்தான வேணும். நட்சத்திரத்த நாளைக்கே கொண்டாந்து கட்டிருவேன். அவகிட்டச் சொன்னதுக்கு என்ன சொல்லுதா தெரியுமா? "நான் வாரவரைக்கும் ஏறாதப்பா. நான் வந்து கயித்தப் பிடிக்கேன்"ங்கா. இம்புட்டு வளந்தும் அந்தச் சின்னப் பிள்ளப் பேச்சு போகல பாருங்க. கயித்தக் கீழ பிடிச்சா மேல இருக்கவன் விழாம இருப்பானா? நான் என்ன, புதுசா ஏறுதவனா? இந்தக் கோபுரத்துல கண்ணக் கட்டிவிட்டாக்கூட ஏறுவேன். அந்தா, பனைக்குப் பின்னால தெரியுது பாருங்க. அந்தச் சிலுவைக்கு மேலதான் கட்டணும். ஏணி நடுவுல வரைக்குந்தான் எட்டும், அதுக்கு மேல சும்மா கல்லு விளிம்பப் பிடிச்சு...

அண்ணாச்சி, ஒங்க ஸ்டாப்பு வந்துட்டா? எறங்காதிய. எங்கூடக் கோயில் வரைக்கும் வாங்க. கையக் குடுங்க, ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுதேன். இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க இந்த ஊருக்கு வந்து போற ஆளுதான, சொல்லுங்க. இந்தக் கோபுரம் இம்புட்டு உசரமாவா இருந்துச்சு?